கம்பளத்தில் ஏழு சொட்டு

மாமியார் வீடு திரும்ப மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தது. காய்கறிப் பையோடு உள்ளே வந்த இளையவள், கூடத்துக் கம்பளத்தின் மேல் வரிசையாக இருந்த அலுமினியத் தாள் பொட்டலங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கத்தில் மூத்தவள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கூடம் முழுக்க நகப்பூச்சு அழிக்கும் ரிமூவரின் வாடை.

"என்னக்கா, கார்பெட்டுக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க? அடிபட்டுச்சா?"

"சிரிக்காதடி. என் பொழப்பே சிரிப்பாச் சிரிக்கப் போகுது. நெயில் பாலிஷ் கொட்டிடுச்சு."

இளையவள் பையைக் கீழே வைத்தாள். அவளும் மூத்தவளும் அந்த வீட்டு அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். மூத்தவள் வந்து பதினோரு வருடம், இளையவள் வந்து ஐந்து மாதம். ஓரகத்திகள் என்றால் உரசல் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத இளையவள், மூத்தவளிடம் மட்டும்தான் கேலி பேசுவாள்.

கூடத்தின் மூலையில் ஒரு சிறிய மேசை, மேலே ஒரு வளைவு விளக்கு, அடுக்கடுக்காக நகப்பூச்சுப் புட்டிகள். மூத்தவளின் தொழிலிடம் அது. வேலை பார்த்துக்கொண்டிருந்த அழகு நிலையத்தை மூடிய பிறகு, வீட்டிலேயே மேசை போட்டு வாடிக்கையாளர்களுக்கு நகம் திருத்திப் பூச்சுப் போட்டு வந்தாள். மாமியார் உடனே சம்மதித்துவிடவில்லை. மேசைக்கு அடியில் ஒரு ரெக்சின் துணியைத் தானே விரித்துவிட்டு, விரலை நீட்டிச் சொன்னாள்: "இந்தத் துணியைத் தாண்டி என் கார்பெட்டுல ஒரு சொட்டு விழட்டும், அன்னைக்கே மேசை மாடிப்படிக்குக் கீழே போயிடும்." மாமியார் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். அவள் ஒன்றைச் சொன்னால் அக்கம்பக்கத்து மூன்று வீடுகளுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரிதான். சொன்னது சொன்னதுதான்.

மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் இன்று சாயங்கால ரயிலில் வருகிறாள்.

"எப்படிக்கா கொட்டுச்சு?"

"துரைதான். மேசை மேல ஏறி வாலை ஆட்டினான். பாட்டில் உருண்டுடுச்சு."

துரை மாமியாரின் பூனை. பெற்ற மூன்றுக்குக் கிடைக்காத செல்லம் அவனுக்குக் கிடைத்தது. ஜன்னல் திட்டில் படுத்திருந்தவன், தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு ஒரு கண்ணைப் பாதி திறந்து, அதுவே அதிகம் என்று மூடிக்கொண்டான்.

இளையவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ரிமூவரில் நனைத்த பஞ்சு. மூத்தவள் என்ன செய்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. கெட்டியான பூச்சை நகத்திலிருந்து எடுக்க, பஞ்சை நனைத்து வைத்துத் தாளைச் சுற்றிப் பத்து நிமிடம் விடுவார்கள். விரலுக்குச் செய்வதைக் கம்பளத்துக்கும் செய்திருந்தாள். நகத்தில் பூச்சு கரைந்தால் மேலே இருக்கும் பஞ்சுக்குத்தான் போகும். கம்பளத்தில் அது நாலாபுறமும் போகும். ஒவ்வொரு கறையைச் சுற்றியும் வெளிர் சிவப்பில் ஒரு வளையம் விரிந்திருந்தது.

"பதறிப் போயிட்டேன்டி. கை தானாச் செஞ்சுடுச்சு. ஊரெல்லாம் கூட்டி நகம் பார்க்கறவளுக்கு ஒரு கறை எடுக்கத் தெரியலைன்னு சொல்வாங்க."

"எடுத்துடலாம்க்கா. முதல்ல இந்தக் கட்டெல்லாம் பிரிப்போம்."

பிரித்தார்கள். மொத்தம் ஏழு கறை. மேசையிலிருந்து ஜன்னலோரம் இருந்த நாற்காலி வரை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக.

"இந்த ரிமூவர் வேணாம்க்கா. ரோஸ் கலர்ல இருக்கு, அதுவே தனியா ஒரு கறை போடும். நிறமில்லாதது இருக்கா?"

"அலமாரியில அசிட்டோன் இருக்கு. ஆனா அது எல்லாத்தையும் தின்னுடுமே?"

"அதான் முதல்ல இது என்ன நூல்னு பார்க்கணும். சில செயற்கை நூல் அசிட்டோன்ல கரைஞ்சே போயிடும். கறை போறப்ப கார்பெட்டும் சேர்ந்து போயிடும்."

கம்பளத்தின் பின்புறம் இருந்த சீட்டு எப்போதோ கிழிந்து போயிருந்தது. இளையவள் ஓரத்தைப் புரட்டி, அடிமடிப்பிலிருந்து ஒரே ஒரு இழையை உருவினாள். அசிட்டோனைத் திறப்பதற்கு முன்பே அடுப்படிக்குப் போய், இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினாள். இழை உருகவில்லை. சுருண்டு, தீய்ந்த முடியின் நாற்றத்தோடு கறுத்து, விரலில் தேய்த்தபோது பொடியாக உதிர்ந்தது.

"கம்பளிதான்க்கா. சுத்தமான கம்பளி."

"நிஜமாவா? மேல் வீட்டு அம்மா இதை நைலான்னு சொன்னதுக்காக அத்தை ரெண்டு வருஷம் அவங்க முகத்துல முழிக்கலை. இப்ப அத்தை கட்சிதான் ஜெயிச்சுதுன்னு சொல்லலாம்." மூத்தவள் ஒரு கணம் மலர்ந்து, உடனே வாடினாள். "எப்படித் தெரியும்னு கேட்டா? உங்க கார்பெட்டைக் கொளுத்திப் பார்த்தோம்னு சொல்வியா, விஞ்ஞானி?"

இருவரும் அடுப்படியில் நின்று சிரித்தார்கள். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டிய விஷயம் இல்லைதான். பயத்தில் வந்த சிரிப்பு.

ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள். சோபாவுக்கு அடியில் மறையும் மூலையில் ஒரு துளி அசிட்டோன் வைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தாள் இளையவள். துணியில் கம்பளத்தின் சாயம் ஏறவில்லை. பிறகு, காய்ந்து தடித்திருந்த பூச்சைக் கரண்டியின் விளிம்பால் மெல்லச் சுரண்டினாள். கிழிந்த பனியன்களைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி மூத்தவளிடம் கொடுத்தாள்.

"துணியில ஊத்துங்க, கார்பெட்டுல ஊத்தாதீங்க. கீழே பசை இருக்கு, விட்டுடும். தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். வெளியிலேர்ந்து உள்ளே வாங்க. சிவப்பு ஏறினதும் துணியை மாத்திடுங்க."

"சரிங்க டீச்சர்."

மூத்தவள் குனிந்தாள். துணி பிடித்த வலது கை கம்பளத்தைத் தொடுவதற்கு முன்னால், இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு முறை ஒத்தினாள். மூன்றாவது முறை துணி கறையைத் தாண்டி வெளியே வழுக்கியது.

"வாடையில தலை சுத்துதுடி. நீயே பண்ணு. நான் துணி மடிச்சுத் தர்றேன்."

இளையவள் வாங்கிக்கொண்டாள். ஒத்தினாள், மாற்றினாள், ஒத்தினாள். குனிந்தபடியே மேசையைப் பார்த்தாள். அந்தச் சிவப்புப் புட்டி மற்றவற்றோடு வரிசையில் நின்றது, கழுத்து வரை நிறைந்து.

உருண்ட புட்டி கழுத்து வரை நிறைந்திருக்காது. உருண்டால் ஓர் இடத்தில் குளமாக நிற்கும். இது சொட்டியிருந்தது. ஏழும் ஏறக்குறைய ஒரே அளவு. தூரிகையின் நுனியில் ஒரு முறை திரண்டு விழும் அளவு.

ஜன்னல் திட்டில், துரையின் வயிற்றுக்கு அருகே, பழகிப் பார்ப்பதற்கான பிளாஸ்டிக் நகங்கள் கிடந்தன. மூத்தவளின் கைவண்ணமே மயிரிழை போன்ற கோடுகள்தான். ஒரே வீச்சில், அளவுகோல் வைத்த மாதிரி இழுப்பாள். இந்த நகங்களில் இருந்த சிவப்புக் கோடுகள் காற்றில் ஆடும் நூல் மாதிரி இருந்தன. இளையவள் பார்ப்பதைப் பார்த்த மூத்தவள், எழுந்துபோய் அவற்றை வழித்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

கொஞ்ச நாளாகத் தேநீரை அரைக் கோப்பைதான் ஊற்றிக்கொள்கிறாள். கோலங்கோலமாகப் பூ வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம் "அதெல்லாம் பழசு, இப்ப ஒரே நிறம்தான் ஸ்டைல்" என்று சொல்லி அனுப்புகிறாள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை.

இளையவளுக்குக் கல்லூரியில் எழுத்துத் தேர்வில் எப்போதும் நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வில் மட்டும், விடை நாக்கு நுனியில் நிற்க, உதடு பிரியாது. இப்போதும் அப்படித்தான் இருந்தது. கடைசியில் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா… பாட்டில் உருண்டா மொத்தமாத்தான கொட்டும். இது சொட்டுச் சொட்டா…"

"நடந்துகிட்டே கொட்டினான்."

இருவரும் துரையைப் பார்த்தார்கள். நான்கு வெள்ளைப் பாதங்களையும் அவன் வரிசையாக நீட்டி வைத்திருந்தான். ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

"சரிக்கா," என்றாள் இளையவள். "துரைதான்."

மூத்தவள் வெகுநேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? எங்க போனாலும் நான் யாரு பொண்டாட்டி, யாரு மருமகள்னுதான் கேக்கறாங்க. இந்த மேசைக்கு வர்றவங்கதான் என் கையைக் கேட்டு வர்றாங்க. அத்தை மேசையைத் தூக்கிட்டா…" மீதியை விழுங்கினாள். "போகுதாடி கறை?"

போய்க்கொண்டிருந்தது. சிவப்பு ரோஜா நிறமாகி, ரோஜா நிறம் சந்தேகமாகி, கடைசித் துணி வெள்ளையாகவே மேலே வந்தது. பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு எடுத்து வெதுவெதுப்பான நீரில் கலந்து ஒத்தி, வெறும் நீரால் ஒத்தி, தடித்த துண்டைப் போட்டு அதன் மேல் மாவு டப்பாக்களை ஏற்றி வைத்தார்கள். கடைசியாக, வாடிக்கையாளர்களின் நகத்தை உலர்த்தும் உள்ளங்கை அளவு மின்விசிறியை மூத்தவள் கொண்டுவந்து கம்பளத்தின் முன்னால் வைத்தாள். ஒரு தீக்குச்சியை அணைக்கிற அளவுக்குக்கூட அதில் காற்று இல்லை. ஆனாலும் இருவருக்கும் அது சுற்றுவதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

மாமியாரின் குரல் இரண்டாவது மாடியில் இருக்கும்போதே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆள் பின்னால் வந்தாள். டப்பாக்கள் அடுப்படிக்கும், துணிகள் குப்பைக்கும், மின்விசிறி மேசைக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

"அம்மாடி, என்ன கூட்டம், என்ன கூட்டம்! துரை, என் ராஜா, இளைச்சுப் போயிட்டியே! இவளுங்க உனக்குச் சோறு போட்டாளுங்களா இல்லையா?"

இளைத்துப் போன துரை திட்டிலிருந்து தொப்பென்று குதித்தான். நேராக, ஈரம் இருந்த இடத்துக்கு வந்து முகர்ந்தான். நகரவில்லை. அவனைத் தூக்க வந்த மாமியாரின் வெறுங்கால் அங்கே பதிந்தது.

"ஏன் இங்க சில்லுனு இருக்கு?"

மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"தண்ணி கொட்டிட்டேன் அத்தை," என்றாள் இளையவள். இந்த வீட்டில் மாமியார் தன்னைக் கேட்காமலே, மாமியாரின் கண்ணைப் பார்த்து அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. அதுவும் பொய்.

"தண்ணிதானே? காஞ்சுடும். அட, உனக்கு இவ்வளவு சத்தமாப் பேச வருமா?"

கம்பளத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேசை பிழைத்தது. மூத்தவள் சுவரில் சாய்ந்து மூச்சை விட்டாள்.

மாமியார் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். சோபாவில் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் இருந்த வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"ரயில்ல எதிர் சீட்டுல ஒருத்தி. பத்து விரல்லயும் பூவும் கொடியுமா, கோடு ஒவ்வொண்ணும் முடி மாதிரி. எங்க போட்டேம்மான்னு கேட்டேன். டிசைன் நம்ம தெருவுதுங்கறா! போன வருஷம் அவ கல்யாணத்துக்கு நீ போட்டதாம், படம் எடுத்து வச்சு இப்ப வேற யாருகிட்டயோ அதே மாதிரி போட்டிருக்கா. 'ஆனா அந்தக் கோடு வரலை ஆன்ட்டி, அவங்க கையே கை'ங்கறா. அது என் மருமகள்னு சொன்னேன். டப்புனு என் விரலைப் பார்த்தா. மொட்டையா இருக்கு. மானம் போச்சு எனக்கு."

மாமியார் இரண்டு கைகளையும் விளக்கின் கீழே நீட்டினாள். முப்பது வருடம் இணைப்புக் கொடுத்த விரல்கள். கணு பெருத்து, நகம் குட்டையாக வெட்டி இருந்தது.

"போடு. சும்மா நிறம் வேணாம். அந்தக் கோடு போடு. இத்தனை நாள் வாய் கிழியப் பேசிக்கிட்டு இருந்தேன், உன் கை என்னன்னு ஒரு நாள் பார்க்கலை. தப்புதான்."

பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து வராத சொல். மூத்தவளின் கண் நிறைந்துவிட்டது. எதிரே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியாரின் சுட்டுவிரலை இடது கையில் ஏந்தினாள். சிவப்புப் புட்டியைத் திறந்து, மெல்லிய தூரிகையைத் தோய்த்து எடுத்தாள்.

தூரிகை நகத்துக்கு மேலே வந்து நின்றது. நுனியில் பூச்சு திரண்டது.

இளையவள் மிச்சமிருந்த ஒரு பனியன் துண்டை மாமியாரின் விரலுக்குக் கீழே நகர்த்தி வைத்தாள். சொட்டு அதில் விழுந்தது. மூத்தவள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அக்காவுக்குத் தலைவலி, நாளைக்குப் போட்டுக்கலாம் அத்தை என்று சொல்ல இளையவளுக்கு வாய் வரை வந்தது. முதல் பொய் சொல்லியாகிவிட்டது. இரண்டாவதுக்குக் கூச்சம் இருக்காது. அவள் சொல்லவில்லை. மூத்தவளின் நாற்காலிக்குப் பின்னால் போய், அவள் தோளில் கை வைத்து நின்றாள்.

"என்னடி பார்த்துக்கிட்டே இருக்க?" என்றாள் மாமியார். "கிழவி விரல்னு யோசிக்கறியா?"

மூத்தவள் தூரிகையைப் புட்டிக்குள் விட்டுத் திருகி மூடினாள். மூடுவதற்குள் மூடி இரண்டு முறை கண்ணாடியில் தட்டிச் சத்தம் போட்டது.

"துரை இல்லடி," என்றாள், பின்னால் நின்றவளிடம். பிறகு மாமியாரின் விரலை விடாமலே சொன்னாள்:

"அத்தை, என் கை நடுங்குது. ஆறு மாசமா."