கர்கூர் பேசாத புத்தகம்

இஸ்மத்தும் அவள் தம்பி ஹில்மியும் சேர்ந்து எழுதிய ‘உப்புக்கோட்டை’ வரிசையின் அட்டையில் ‘ஹில்மி இஸ்மத்’ என்றுதான் இருக்கும். கெய்ரோவில் அது ஒரே ஆணின் பெயராகத்தான் காதில் விழும். முதல் புத்தகத்தின்போது பதிப்பாளர் ஸரீஃப் செய்த ஏற்பாடு அது. இரண்டு பேர் எழுதியதென்றால் யாரும் வாங்கமாட்டார்கள் என்றார். பூகோள ஆசிரியையான இஸ்மத் அதைச் சட்டை செய்யவில்லை. கோட்டைகள், போர்கள், பாலைவனங்கள், கதாநாயகன் மஹார் எல்லாம் அவளுடையவை. கர்கூர் என்ற கோழை ஜின் வாய் திறக்கிற இடமெல்லாம் ஹில்மியுடையது. கர்கூருக்காகவே பத்திரிகைக் கடைகளில் பிள்ளைகள் காத்துக்கிடந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முப்பத்துமூன்றாம் புத்தகத்தோடு ஸரீஃப் நிறுத்திக்கொண்டார். காகித விலை ஏறிப்போயிருந்தது. புத்தகம் வெளிவந்த அன்று மாலையே அது எல்லோர் கைப்பேசியிலும் திருட்டுத்தனமாக வந்துவிடும்.

ஷுப்ரா பகுதியில் இஸ்மத்தின் வீட்டுக்கு நேர் மேல்மாடியில்தான் ஹில்மியும் அவன் மனைவி ராவியாவும் இருந்தார்கள். ஹில்மி ஒரு செய்தியோடு இறங்கிவந்தான். கைப்பேசியில் கதை கேட்கவைக்கும் ஒரு கம்பெனி உப்புக்கோட்டையைத் தொடராகத் தரச்சொல்கிறது. தினம் பத்து நிமிடம். தினமும் கர்கூர் வரவேண்டும்.

"தெனமுமா? போர் நடக்குற எடத்துல கூடவா?"

"ஆமாக்கா. ஜனங்க அவனைத்தான கேக்குறாங்க."

"அப்ப எழுபது பக்கம் பாலைவனத்துல நடக்குறாங்களே, அதை என்ன பண்றது?"

"அதையெல்லாம் யாரு படிச்சா? நானே தாண்டிப் போயிடுவேன்."

சிரிக்கவைக்கத்தான் சொன்னான். இஸ்மத் சிரிக்கவில்லை. "அப்ப உன் கோமாளியக் கூட்டிக்கிட்டு நீயே போ. கோட்டை எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

ரமலான் முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ராவியா கொடுத்தனுப்பும் கத்தாயிஃப் இனிப்புத் தட்டு மட்டும் படியில் இறங்கி ஏறியது. ஹில்மி அந்தக் கம்பெனிக்குப் போய், பழைய புத்தகங்களில் இருந்த கர்கூரின் பேச்சையெல்லாம் தன் குரலில் பதிந்துகொடுத்தான். பெருநாளுக்கு முந்தின நாள் மெட்ரோ படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

துக்கக் கூடாரத்துக்கு உறவினர்கள் வந்தார்கள். அவன் வேலைபார்த்த மருந்துக்கடையிலிருந்து வந்தார்கள். வாசகர் ஒருவர்கூட வரவில்லை. ‘ஹில்மி இஸ்மத்’தில் பாதி இறந்துபோனது அவர்களில் யாருக்கும் தெரியாது.

நாற்பதாம் நாள் கழிந்ததும் கம்பெனியிலிருந்து நெர்மீன் என்ற பெண் வந்தாள். ராவியாவின் வீட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். நெர்மீன் இஸ்மத்தை ‘உஸ்தாஸா’ என்று மரியாதையாக அழைத்துப் பேசினாள். பிறகு கைப்பேசியை மேசையில் வைத்துத் தொட்டாள்.

"இந்தக் குகைக்குள்ள நீ மொதல்ல போ மஹார். நான் வெளிய நின்னு உனக்கும் சேத்துப் பயப்படுறேன்!"

ஹில்மியின் குரல். ராவியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எந்தப் புத்தகத்துல?" என்றாள் இஸ்மத். "இப்படி அவன் எழுதவே இல்லையே."

"எழுதல உஸ்தாஸா. அவரு பதிஞ்சு குடுத்ததை வெச்சு கம்ப்யூட்டரே எழுதி அதுவே பேசுது. நீங்க கதையை மட்டும் குடுங்க. கர்கூரை நாங்க பாத்துக்குறோம்."

ராவியா இஸ்மத்தின் கையைப் பிடித்தாள். "சரின்னு சொல்லுங்கக்கா. தெனம் பத்து நிமிஷம் அவரு பேசுவாரு."

"பேசுறது அவன் இல்லம்மா."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான கேக்குறேன்."

இஸ்மத் மறுத்துவிட்டாள். அதற்கப்புறம் படியில் எதிர்ப்பட்டால் ராவியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு பேச்சை மட்டும் நெர்மீன் ராவியாவின் கைப்பேசியில் விட்டுப்போயிருந்தாள். முப்பத்துநான்காம் புத்தகத்தை எழுத இஸ்மத் உட்காரும்போதெல்லாம் மேலிருந்து அது கேட்கும். அவளும் கர்கூருக்குப் பேச்சு எழுதிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வகுப்பில் டீச்சர் ஜோக் சொன்னதுபோல இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ‘கர்கூர் கூடவே நடந்தான், பேசவில்லை’ என்று எழுதினாள்.

குளிர் தொடங்கியபோது மேலே சத்தம் நின்றுபோனது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இஸ்மத் ஏறிப்போனாள்.

"அழிச்சிட்டேன்," என்றாள் ராவியா, கதவைத் திறந்ததுமே. "கேட்டுக் கேட்டு அது ஒண்ணுதான் காதுல நிக்குது. நெஜமா அவரு எங்கிட்ட பேசினது எதுவும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. காலையில எழுந்ததும் என்னை எப்படிக் கூப்பிடுவாரு? சொல்லுங்கக்கா, எப்படிக் கூப்பிடுவாரு?"

இஸ்மத்துக்குத் தெரியவில்லை. அது அவள் காதுக்கு வராத பேச்சு. மாலை மக்ரிப் பாங்கு வரை ராவியாவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேட்கிற அளவுக்கு மட்டும் பிரதிகள் அச்சடித்துத் தரும் ஒரு சின்ன அச்சகத்தில் புத்தகத்தைக் கொடுத்தாள். அட்டையில் பெயரை மாற்றவில்லை. புத்தகக் கண்காட்சியில் தெரிந்தவர் ஒருவர் விட்டுக்கொடுத்த பாதி மேசையில் பரப்பிவைத்தாள். அதிகம் போகவில்லை. கடைசி நாள், கல்லூரிப் பெண் ஒருத்தி நின்றவாக்கிலேயே பக்கங்களைப் புரட்டினாள்.

"கர்கூர் ஏன் பேசவே மாட்டேங்குறான்? சாபமா? அடுத்ததுல சரியாயிடுமா?"

"இல்லம்மா. இனிமே பேசமாட்டான்."

"ஏன்?"

"அவனைப் பேசவெச்சது என் தம்பி."

அந்தப் பெண் இஸ்மத்தைப் பார்த்தாள். கறுப்பு உடையைப் பார்த்தாள். "அல்லாஹ் அவருக்கு இரங்கட்டும்," என்றாள். ஹில்மிக்காக ஒரு வாசகர் சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு கர்கூருக்காகவோ ஹில்மிக்காகவோ, கூட்டம் இடித்துக்கொண்டு போகிற வழியில் நின்றே அழுதாள்.

இஸ்மத் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டாள்.