பொன்னுவேல் எடுத்த துப்பாக்கி

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, அந்த மழையில் பொன்னுவேலுக்குக் கிடைத்த ஒரே பேச்சுத்துணை, பங்களாவின் சமையல்கட்டில் ஒதுங்கியிருந்த ஒரு கோழி. மழையின் ஏழாம் நாள் காலையில் அதையும் காணவில்லை. "நீயும் போயிட்டயா? போ, போ" என்று வெற்றுத்தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வீங்கிப்போன முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி அது. ஏற்காட்டு மலையில் செம்மநத்தம் கிராமத்தையும் தாண்டி, ஜீப் மட்டும் திக்கித் திணறி வந்து சேரும் ஒரு காபி எஸ்டேட். பொன்னுவேல் அங்கே இருபத்திரண்டு வருஷமாக வாட்ச்மேன். மழை நாலாம் நாளும் விடாமல் கொட்டவே, மண் சரியும், எல்லோரும் ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று சர்க்கார் உத்தரவு வந்தது. லாரி வந்தது. லயத்து வீடுகளில் இருந்த கூலியாட்கள் அத்தனை பேரும் பாய், பாத்திரத்தோடு ஏறினார்கள். பாவாயி தன்னுடைய இரண்டு ஆடுகளையும் ஏற்றினாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொன்னுவேல் ஏறப்போனபோதுதான் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வேலுசாமி குடையை நீட்டி மறித்தார்.

"நீ இரு பொன்னுவேலு. துப்பாக்கி அலமாரிச் சாவி உங்கிட்டத்தான இருக்குது? பங்களாவை அம்போன்னு உட்டுட்டுப் போக முடியுமா? நாளைக்குக் காத்தால ஜீப் அனுப்பறேன்."

"செரிங்க" என்றார் பொன்னுவேல். அவருக்கு வேறு வார்த்தை வராது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை வைத்தே காலம் தள்ளியவர். ஆட்டுக்கு இடம் இருந்த லாரியில் தனக்கு இல்லாமல் போனது எப்படி என்று அவருக்குத் தோன்றியது லாரி வளைவு திரும்பிய பிறகுதான்.

அன்று சாயங்காலம் வாய்க்காலில் அடைத்துக்கொண்ட சருகை இழுத்துவிடப் போய், பாசிப்படியில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். மறுநாள் ஜீப் வரவில்லை. அதற்கு மறுநாள் மலை அடிவயிற்றிலிருந்து உறுமியது. நொண்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்ப் பார்த்தார். பாதை இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரோடு பெயர்ந்த சில்வர் ஓக் மரங்களும் கிடந்தன. இன்று காலையில் சமையல்கட்டுக்குப் பின்னால் தரை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் அவருடைய கை போனது. இனி இந்த வீட்டில் இருந்தால் வீட்டோடு போக வேண்டியதுதான்.

கீழே போக வழியில்லை. மேலே, ஓடையைத் தாண்டினால் மொட்டைப்பாறை. அது நகராது. அதன் அடியில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் குடைவு உண்டு. ஆனால் அதுவரைக்கும் காடு. மழைக்குக் காட்டெருமைகள் கன்றோடு காபித் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தன. பாறைப் பக்கம் கரடி தங்கும் என்றும் சொல்வார்கள். ஒரு கைக்கு ஊன்றுகோல் வேண்டும். ஒரு தோளில் அரிசியும் சட்டியும் தீப்பெட்டியும். மிச்சம் ஒரு தோள். அதில் ஒரு துப்பாக்கிதான் மாட்டலாம்.

அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கேள்வி அந்த வீட்டுக்குப் புதிதில்லை. பங்களாதேஷ் சண்டை நடந்த வருஷம், சேலத்தில் குண்டு விழுந்தால் என்ன செய்வது என்ற கவலையில், முதலாளி கோவிந்தராஜும் அவருடைய சிநேகிதர்களும் இதே வராந்தாவில் உட்கார்ந்து இதைத்தான் அலசுவார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓட வேண்டும், ஒரே ஒரு துப்பாக்கிதான் எடுக்கலாம், எதை எடுப்பது? சேலத்தில் குண்டு விழவில்லை. பேச்சு மட்டும் அதற்குப் பிறகும் நாலைந்து வருஷம் ஓடியது. பொன்னுவேல் முறுக்குத் தட்டைக் கொண்டுபோய் வைப்பார், காலித் தட்டை எடுத்து வருவார். காட்டிலேயே பிறந்து வளர்ந்த அந்த ஆளை, நீ எதை எடுப்பாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இப்போது கேட்க ஆள் இல்லை, அவரே எடுக்க வேண்டியிருந்தது.

முதலாவது, அவருடைய சொந்த நாட்டுத் துப்பாக்கி. ராகிக் காட்டுக் காவலுக்கென்று அவருடைய அப்பன் காலத்தில் லைசென்ஸ் வாங்கியது. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். ஆறு நாள் ஈரத்தில் மருந்து களியாகிக் கிடந்தது. அதைச் சுவரோரம் சாத்தினார்.

இரண்டாவது, முதலாளியின் இரட்டைக்குழல். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் முதலாளியின் தாத்தா வாங்கியது. பக்கவாட்டில் வெள்ளியில் கொடியும் பூவும். முதலாளி மாதம் ஒருமுறை வந்து தன் கையாலேயே எண்ணெய் போட்டுத் துடைப்பார், பொன்னுவேலிடம்கூட விடமாட்டார். கனமென்றால் கனம். ஐந்து தோட்டாக்கள் இருந்தன. பழைய அட்டைத் தோட்டா. ஈரத்தில் ஊதிப்போய், குழலுக்குள் பாதிக்கு மேல் இறங்க மறுத்தன. ஐந்தையும் திணித்துப் பார்த்துவிட்டுத் தூர வைத்தார்.

மூன்றாவது, பாயின்ட் டூ டூ ரைபிள். குழந்தை மாதிரி எடை. தகர டப்பாவில் ஐம்பது தோட்டா, ஒன்றிலும் ஈரம் படவில்லை. காட்டுக்கோழி, முயல் எதையாவது அடித்துப் பசியாறலாம். எருமையைச் சாய்க்காது, ஆனால் வெருட்டலாம். வராந்தாக்காரர்களும் கடைசியில் இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். பெரிய மனிதர்கள் பேசியதில் ஒன்றாவது உருப்படியாக இருந்ததே என்று நினைத்துக்கொண்டு, பொன்னுவேல் அதைத் தோளில் மாட்டிக் கிளம்பினார்.

காபிப்பழம் அரைக்கும் பல்ப்பர் வீடு வரைக்கும் போக அரைமணி ஆனது. முழங்கால் தெறித்தது. கூரைக்கடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, ஒரு யோசனை வந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

பாறைக்குப் போய்விடலாம். ரைபிளை வைத்துக்கொண்டு பத்து நாள்கூட இருந்துவிடலாம். அப்புறம்? இந்தக் காலோடு மலை இறங்க முடியாது. யாராவது வந்தாக வேண்டும். யார் வருவார்கள்?

தலைச்சோலையில் தம்பி சின்னத்தம்பி இருக்கிறான். ஒரு பலாமரத்துத் தகராறில் பேச்சு நின்று ஒன்பது வருஷம். அண்ணன் எஸ்டேட்டில் சௌக்கியமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பான். லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்தில் கஞ்சிக்கு வரிசையில் நிற்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ரைட்டர் என்ன சொல்வார் என்பது அவருக்குக் காதிலேயே கேட்டது. "அவன் மலைக்காரனப்பா, எங்காச்சும் பூந்து பொழச்சுக்குவான்."

பெண்டாட்டி கண்ணாயி இருந்திருந்தால் வந்திருப்பாள். அவர் காவலிலிருந்து திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வாய் நிறைய வசவோடு வந்துவிடுவாள். அவள் வசவு முதலில் வரும், வெளிச்சம் பின்னால் வரும். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் இருந்திருந்தால் எந்தத் துப்பாக்கியும் வேண்டியிருந்திருக்காது. பல்ப்பர் வீட்டுக் கூரையடியில் பொன்னுவேல் கொஞ்ச நேரம் அழுதார். பார்க்க ஆளில்லாததால் கண்ணைத் துடைக்கவும் இல்லை.

அழுது முடித்தபோது புத்தி தெளிவாக இருந்தது. தன்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ஆனால் முதலாளி ஒன்றைத் தேடி வருவார். தாத்தா வாங்கிய துப்பாக்கி. தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று நடையாக நடக்க வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் மேல் அந்த மனிதருக்கு உயிர். சின்ன ரைபிளுக்கு இவ்வளவு கிடையாது.

பொன்னுவேல் நொண்டிக்கொண்டே பங்களாவுக்குத் திரும்பினார். ரைபிளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு இரட்டைக்குழலை எடுத்தார். சுடாத துப்பாக்கி, சுமக்க முடியாத கனம். காட்டு வழிக்கு இதைவிட மோசமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. மறுபடியும் பல்ப்பர் வீட்டுக்கு வந்து, அதன் உள்சுவரில் மழை படாத இடமாகப் பார்த்துக் கரித்துண்டால் எழுதினார். மூன்றாம் வகுப்புப் படிப்பு. 'பெரிய துப்பாக்கி எங்கிட்ட இருக்கு. மொட்டப்பாற. பொன்னுவேல்.' முழங்கால் பெயர்ந்ததைப் பற்றியும் எழுதலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதனால் காரியம் ஒன்றும் நடக்காது.

ஓடையில் தண்ணீர் தொடை அளவுக்கு ஓடியது. கோலை ஊன்றித் தத்தளித்துத் தாண்டினார். அக்கரையில் நிமிர்ந்தபோது, பத்தடியில் ஒரு காட்டெருமை. பின்னால் கன்று. அது தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது. பொன்னுவேல் துப்பாக்கியைத் தூக்கி நீட்டினார், பழக்கத்தில் கை அப்படித்தான் போகும். பிறகு தனக்கே வெட்கமாகி இறக்கினார்.

"நெசமாலுமே சுடாது ஆத்தா" என்றார். "உன்னையும் சுடாது, ஆரையும் சுடாது. நான் பாறைக்குப் போறேன், நீ உன் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ." அது நெடுநேரம் அவரைப் பார்த்தது. இந்த ஏழு நாளில் அவரை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. பிறகு கன்றை இடித்துத் தள்ளிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. போனதும் அவருக்கு ஒரு ஏமாற்றம்தான் வந்தது.

பாறைக் குடைவில் இரண்டு நாள். ஈரவிறகு பற்றவில்லை, அரிசியை ஊறவைத்து மென்றார். துப்பாக்கியைத் தன் துண்டால் சுற்றி, சாரல் படாத உள்பக்கம் வைத்துவிட்டு, தான் வெளிப்பக்கம் படுத்தார். அது கெட்டால் தன்னைத் தேட ஒரு காரணமும் மிஞ்சாது. உள்ளுக்குள் மட்டும் ஒரு ஓரத்தில் ஒரு ஆசை கிடந்தது. தான் நினைத்ததெல்லாம் தப்பாக இருந்துவிட வேண்டும். வருகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றியே பேசக் கூடாது.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் ஆள் குரல் கேட்டது.

"பொன்னுவேலூ!"

அவர் பெயர்! கோலைக்கூட மறந்துவிட்டு, துப்பாக்கியை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு தவழ்ந்து ஓடைக்கரைக்கு வந்தார். ஓடை இப்போது ஆறாகி ஓடியது. அக்கரையில் ரைட்டர் வேலுசாமி, லயத்து ஆள் சின்னன், இன்னும் இரண்டு ஆட்கள். கையில் வடக்கயிறு.

"இங்கிருக்கறனுங்க!" என்று கத்தினார்.

"துப்பாக்கி பத்திரமா இருக்குதா?" என்றார் ரைட்டர்.

"இருக்குதுங்க."

"அப்பாடா! பங்களா பாதி போயிருச்சப்பா. மொதலாளி செம்மநத்தத்துல வந்து நிக்கறாரு. கயித்த எறியறேன், துப்பாக்கியக் கட்டி உடு. தண்ணி நொம்ப வேகமா இருக்குது. நாளைக்கு வடிஞ்சதும் உன்னக் கூட்டிட்டுப் போக ஆள் அனுப்பறேன்."

கயிறு வந்து காலடியில் விழுந்தது. கை அதை எடுத்துவிட்டது, செரிங்க என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாளைக்குக் காத்தால ஜீப் அனுப்பறேன் என்று சொன்ன அதே வாய். பொன்னுவேல் கயிற்றைக் கீழே போட்டார்.

"இல்லீங்க."

"என்னது?"

"நானும் வந்தாத்தானுங்க துப்பாக்கி வரும். கால் ஒடிஞ்சு போச்சுங்க. ஆராச்சும் வந்து தூக்கிக்கிட்டுப் போங்க."

ரைட்டர் திட்டினார், மிரட்டினார், நயமாகவும் பேசிப் பார்த்தார். பொன்னுவேல் இரட்டைக்குழலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக முடியாது என்று சொல்லியிருந்தார். கடைசியில் சின்னன்தான், "உடுங்க, நான் போறேன்" என்று கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, பொன்னுவேலை முதுகில் சுமந்து, துப்பாக்கி அவர் தோளில் கிடக்க, கரை சேர்த்தான். ரைட்டர் கை நீட்டியபோதும் பொன்னுவேல் கொடுக்கவில்லை. செம்மநத்தம் வரைக்கும் அது அவரிடமே இருந்தது.

கோவிந்தராஜ் ஜீப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கி, திறந்து குழலைப் பார்த்தார். "தோட்டா எங்கப்பா?"

"ஊதிப்போச்சுங்க. உள்ள போகலீங்க. எடுத்துக்கிட்டே வரலீங்க."

"வெறும் துப்பாக்கியோடவா காட்டுக்குள்ள போனே? சின்ன ரைபிள் நல்லாத்தான இருந்துது? எருமையும் கரடியும் இருக்கற காட்டுல, உசுரு போயிருந்தா?"

அவர் மனசாரத்தான் கேட்டார், குரலில் தெரிந்தது. அதனால் பொன்னுவேலும் மறைக்காமல் சொன்னார்.

"அத எடுத்தா ஆரும் தேடி வரமாட்டாங்கன்னு நெனச்சனுங்க."

முதலாளியின் முகம் மாறியது. "என்ன பொன்னுவேலு இப்படிப் பேசிப்போட்டே? உனக்காக வரமாட்டமா?"

ரைட்டர் தன் குடைக்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பொன்னுவேல் முதலாளியையே பார்த்தார். குத்திக் காட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. நாளைக்கு, நாளன்றைக்கு, அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, எதைச் சொன்னாலும் நம்பிவிட அவர் தயாராக இருந்தார்.

"எப்பங்க மொதலாளி வந்திருப்பீங்க?"

கோவிந்தராஜ் டிரைவர் பக்கம் திரும்பி, வண்டியை எடுக்கச் சொன்னார்.