லெட்சுமணன் படித்த இங்கிலீஷ்

நாற்பது வயதில் லெட்சுமணனுக்கு இங்கிலீஷ் படிக்கும் ஆசை வந்துவிட்டது என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். ஆசையாவது ஒன்றாவது! அது பயம் என்பது அவன் பெண்டாட்டி பூரணிக்குத்தான் தெரியும். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களை நுவரெலியாவுக்குக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த நாட்டையே நம்பி நிலையாக இருக்கிறவன் என்று காட்ட முடியாதவன், இங்கேயே பிறந்தவன் ஆனாலும் நாடில்லாதவன். அவனையும் பெண்டாட்டி பிள்ளையையும் என்றைக்காவது இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்று மலை முழுவதும் பேச்சு.

ராகலை கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த அன்ஸார் நானாதான் வாத்தியார். துரைமாரோடு பேசிப் பேசி அவருக்கு இங்கிலீஷ் வந்திருந்தது. மழைக்குக் கம்பளி வாங்கப் போன லெட்சுமணனை அவரே உட்கார வைத்தார்.

"தொர கேக்குற கேள்விய மொழிபெயர்க்கிற முதலியார் தமிழ்ல சொல்லுவார்தான். ஆனா ஒரு வார்த்த நீங்களே இங்கிலீஷ்ல சொல்லிட்டா மதிப்பு வேற" என்று சொல்லி ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்: ஐ ஹேவ் மேட் மை ஹோம் ஹியர். இங்கேதான் என் வீட்டை ஆக்கிக்கொண்டேன் என்று அர்த்தம்.

"வெள்ளைக்காரன் எதையும் யாரோடதுன்னு சொல்லாம விடமாட்டான். கீப் மை வேர்ட், என் வாக்க நான் காப்பாத்துறேன். லூஸ் மை வே, என் வழிய நான் தொலச்சிட்டேன். ஆள் மாறினா நடுவுல இருக்கிற சொல்லு மாறும். மை, யுவர், ஹிஸ், அவர். அவ்வளவுதான் விஷயம்."

அதற்குப் பிறகு அந்த வாக்கியம் லெட்சுமணனுக்குத் தண்ணீர் பட்ட பாடானது. ஸ்டோரில் தேயிலை அரைக்கும்போதும் அதுதான், அடுப்பூதும்போதும் அதுதான். கேட்டுக் கேட்டுப் பூரணிக்கும் பாடமாகிவிட்டது. தொலைந்துபோன வழியையும் என் வழி என்று சொல்லிக்கொள்கிற பாஷை என்ன பாஷையோ என்று அவளுக்குச் சிரிப்பு வரும். காலமெல்லாம் குடியிருந்த லயத்து அறையையே, அந்தக் காம்பராவையே, தோட்டத்துக் காம்பரா என்றுதானே அவர்கள் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

அன்ஸார் நானா கெட்டிக்காரர். இந்தியாவுக்குக் காசு அனுப்புவீர்களா என்பார்கள், நிலம் இருக்கிறதா என்பார்கள், உறவுக்காரர் இருக்கிறார்களா என்பார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டுப் பதிலும் சொல்லிக் கொடுத்தார். ஆனால் சாமியைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, இவர்களும் நினைக்கவில்லை. சாமியை யார் சொத்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

விசாரணைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். பூரணி மகள் வீரம்மாவுக்கு எண்ணெய் தடவிச் சடை பின்னி, சாயம் போகாத பாவாடையைக் கட்டிவிட்டாள். நுவரெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பனி விலகவில்லை. விசாரணை நடக்கும் கந்தோர் விறாந்தையில் இவர்களைப் போலவே வெளுத்த வேட்டியோடு பலர் குந்தியிருந்தார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் விசாரணைத் துரை. அவர் வெள்ளைக்காரர் இல்லை, ஆனாலும் துரைதான். பக்கத்தில் கேள்விகளைத் தமிழில் சொல்ல யாழ்ப்பாணத்து முதலியார். லெட்சுமணன் நன்றாகச் செய்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்கிறவன் போல விறைத்து நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கடைசியில், குரல் நடுங்காமல், "ஐ ஹேவ் மேட் மை ஹோம் ஹியர், சார்" என்றான். துரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பூரணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

துரை பேனாவை மூடிவிட்டார். நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமில்லை. வீரம்மாவைக் கிட்டே கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டார். முதலியாரிடம் ஏதோ கேட்டார்.

"ஏழு வயசுப் பிள்ளைக்கு ஏன் இன்னும் காது குத்தேல்லை எண்டு துரை கேக்கிறார்" என்றார் முதலியார்.

அதுவரை பூரணியிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. தன் மகளைப் பற்றிக் கேட்டதும் அவளுக்கு வாய் நிறைந்து வந்தது. "எங்க கொல சாமி முன்னாலதாங்க குத்தணும். முசிறிப் பக்கம், வீரம்மா கோயிலு. தாய்மாமன் மடியில வச்சுக் குத்தி, மொட்டையும் போடுறதா நேத்திங்க. இவளுக்கு முந்திப் பொறந்த ரெண்டும் தங்கல. அந்த ஆத்தா பேரச் சொல்லித்தாங்க இவ தங்குனா. அதனாலதான் அவ பேரையே வச்சோம்."

முதலியார் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு துரையைப் பார்த்தபடியே, பூரணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கதிர்காமத்து நேர்த்தி எண்டு சொல்லு பிள்ளை. நான் அப்படியே சொல்லிவிடுறன்."

கதிர்காமம் இந்த நாட்டுக் கோயில்; முசிறி என்று சொன்னது இந்தியாவைச் சொன்னதாகிவிட்டது என்று பூரணிக்கு அப்போதுதான் விளங்கியது. லெட்சுமணன் முகம் வெளுத்துப்போனதையும் பார்த்தாள். ஒரு வார்த்தை. கதிர்காமத்து முருகனும் சாமிதானே, கோபித்துக்கொள்ளவா போகிறான்? ஆனால் பிள்ளையைக் கொடுத்தவள் அந்த ஆத்தா. கொடுத்தவள் முன்னால் கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்? பூரணி மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இல்லங்கய்யா. எங்க ஆத்தாவுக்குத்தாங்க" என்றாள்.

முதலியார் பெருமூச்சு விட்டு இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போறதெண்டு யோசிச்சிருக்கிறியள், என்ன?" என்று முதலியார் தமிழில் சொன்னார்.

"போவணும்னுதாங்க. போயிட்டு வந்துடுவோம்" என்றாள் பூரணி. பிறகு, யாரும் கேட்காமலே அவள் குரல் உயர்ந்தது. "அந்த ரெண்டும் இங்கதாங்க கெடக்குதுங்க. ஒம்பதாம் நம்பர் மலைக்கு ஓரமா, தண்ணி ஓடுற கானுக்கு மேல. நா தெனமும் கொழுந்தெடுக்கப் போறப்பப் பாத்துட்டுத்தாங்க போறேன். அதுகள விட்டுட்டு நா எங்கங்க போவேன்?"

முதலியார் அதை மூன்று நான்கு வார்த்தையில் முடித்துவிட்டார். எது விட்டுப்போயிற்று என்று பூரணிக்குத் தெரியாது. லெட்சுமணனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவன் ஓரடி முன்னால் வந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்றைச் சொல்லப் பார்த்தான். "வீ லூஸ் அவர் சில்ட்ரன் ஹியர், சார்." நிறுத்தி, மூச்சு வாங்கி, "வீ கீப் அவர் சில்ட்ரன் ஹியர்" என்றான்.

துரை பேனாவை நிறுத்தினார். "ஐ ஆம் சாரி" என்றார். உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது போலத்தான் தெரிந்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதினார்.

பதில் மழைக்காலத்தில் வந்தது. மனு ஏற்கப்படவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று பூரணியின் காதுபடவே பேசினார்கள். அன்ஸார் நானா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாமியப் பத்திக் கேப்பாங்கன்னு எனக்குப் படாமப் போச்சே" என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

லெட்சுமணன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பூரணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாலு நாள் பொறுத்துப் பார்த்து, ஐந்தாம் நாள் அவளே அடுப்படியில் அழுதாள்.

"எங்கிட்டத்தாங்க தப்பு. அந்தய்யா கதிர்காமம்னு எடுத்துக் குடுத்தாரு. சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருக்க மாட்ட" என்றான் லெட்சுமணன். "நானும் தூங்கியிருக்க மாட்டேன்."

வீரம்மா சுவரோரமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போர்த்திவிட்டு, திரும்பாமலே கேட்டான்.

"சாமி அங்க இருக்கு. புள்ளைங்க ரெண்டும் இங்க இருக்குதுங்க. நாம எங்க இருக்கோம் பூரணி?"

விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.