ஏழாம் படத்துத் தெத்துப்பல்

என் வீட்டுக்காரர் ஓவியர். ஆறு வருடமாக மகிழ்ச்சியைத் தேடித் தேடி வரைகிறார். மொத்தம் பன்னிரண்டு படம். தொடருக்குப் பேர் ‘கை நழுவும் மகிழ்ச்சி’. எதிலும் மனித வாடையே கிடையாது. காலி நாற்காலி, பாதி திறந்த கதவு, யாரோ குடித்துவிட்டு வைத்துப்போன டம்ளர். “இப்பதான் எழுந்து போயிருக்கு, தெரியுதா?” என்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கழுவாத டம்ளர்தான்.

பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலை எனக்கு. நாள் பூராவும் வருகிறவர்களிடம் பல்லைக் காட்டிவிட்டு வீடு வந்தால், இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பேச்சுக் கொடுத்தால் மகிழ்ச்சி பறந்துவிடுமாம். நானும் வாயைப் பொத்திப் பொத்திப் பார்த்தேன், முடியவில்லை. கண்காட்சி தொடங்குகிற அன்றே அக்கா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்து, பெட்டியைக் கண்காட்சிக் கூடத்துக்கே தூக்கி வந்துவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ.

ஏழாவது படம் அந்தக் காலி நாற்காலி. கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். காலையில் ஜம்மென்று இருந்தது. நாலு மணிக்கு வெயில் படத்தின் பின்பக்கம் இறங்கியது. துணி வழியாக வெளிச்சம் கசிய, நாற்காலிக்கு மேல் ஒரு பெண்ணின் முகம் எழுந்தது. வாயெல்லாம் பல். அதில் ஒன்று தெத்துப்பல்.

கூட்டம் கூடிவிட்டது. அந்தத் தெத்துப்பல்லைத் தினமும் தேய்க்கிறவள் நான்.

“ஏங்க, இது நான்தானே?”

தலையைச் சொறிந்தார். “கல்யாணமான புதுசுல வரைஞ்சது. புதுத் துணி இழுத்துக் கட்ட சோம்பேறித்தனம். பழசு மேலயே வெள்ளை அடிச்சு...”

“என் மேலயா?”

“மெல்லிசாத்தான் அடிச்சேன்.”

மெல்லிசாம்! மகிழ்ச்சி எங்கே எங்கே என்று அலைந்த மனுஷன், அது இளித்துக்கொண்டிருந்த இடமாகப் பார்த்து வெள்ளையடித்திருக்கிறார். கோபத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும். படத்தில் இருந்தவள் அழகாக இருந்தாள். அவளை நானே மறந்து போயிருந்தேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

“ஐயையோ, எங்க கொண்டு போற? ஏழாவது இல்லாட்டி தொடரே போச்சு!”

“தொடருக்கு என்ன பேரு வெச்சீங்க?”

“கை நழுவும்...” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அதேதான்” என்று பெட்டியையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

பின்னால் தடதடவென்று செருப்புச் சத்தம். இந்த ஆறு வருடத்தில் அவர் எதற்காகவும் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடி வருவது படத்துக்காகவா எனக்காகவா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.