இடது கை மேலே

ஒஹையோவின் இந்தச் சிற்றூரில் எங்கள் ஆஸ்ட்ராண்டர் குடும்பம் மூன்று தலைமுறையாக இறந்தவர்களை அடக்கத்துக்குத் தயார் செய்து வருகிறது. எங்கள் வாசலில் நின்று யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை. துக்கத்தோடு வருகிறவர்கள் காதில் அது விழக்கூடாது.

ஆகவே தங்கை மகள் மார்னி வந்து கேட்டதும் முடியாது என்றேன். கார்களில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திடலில், ஹாலோவீன் வாரத்தில் அந்தப் பழைய படத்தைப் போடுகிறார்களாம். முகமூடிக் கொலைகாரப் படங்களைக் கேலி செய்து 1982இல் எங்கள் ஊரிலேயே எடுத்தது. அதில் ஓடிய எங்கள் கறுப்புச் சவ ஊர்தியைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமாம்.

"அப்பாவ ஏமாத்தி வண்டிய வாங்கிட்டுப் போனானுங்க. அந்தப் படத்துக்கும் நம்ம குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். நாற்பது வருடமாக ஊரில் நான் சொல்லிவருவதும் இதுதான்.

"பதினாறு வயசுல நீங்க அதப் பதினோரு தடவ பாத்தீங்களாமே, மாமா. அம்மா சொன்னாங்க. பல்ல இளிச்சுக்கிட்டு."

குறுந்தகட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வண்டியின் கதவில் எங்கள் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட நினைத்தேன். மதியம் போட்டேன். உட்கார முடியவில்லை. எழுந்து காப்பி போட்டேன், குடிக்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அன்று வயிறு வலிக்கச் சிரித்த இடங்களெல்லாம் சப்பென்று போயின. பெயர் எங்கும் தெரியவில்லை. அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை.

அந்தப் படத்தின் பெரிய வேடிக்கையே, கொலைகாரன் கொன்ற கையோடு பிணத்தை ஒழுங்குபடுத்துவதுதான். கலைந்த முடியைக் கோதுவான், காலரைச் சரிசெய்வான். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியின் கைகளை மார்பில் மடித்து வைக்கிறான். வலது கை கீழே, இடது கை மேலே. பிறகு அவளுடைய மோதிர விரலைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவுகிறான்.

அவள் விரலில் மோதிரமே இல்லை.

நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். இடது கையில் போடும் கல்யாண மோதிரம் உறவினர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக அப்பா அப்படித்தான் வைப்பார், அப்படித்தான் நீவுவார். பத்தொன்பது வயதில் எனக்கும் அப்படியே கற்றுக்கொடுத்தார். பதினாறில் நான் அவர் பிணங்களைத் தயார் செய்யும் அறைக்குள் போனதில்லை. படத்தின் முடிவில் வரும் நடிகர் பெயர்ப் பட்டியலில் முகமூடிக் கொலைகாரனுக்கு நேரே ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது.

படம் வந்த அந்த வருடம் ஒருநாள், சாப்பாட்டு மேசையில் அப்பா தலை நிமிராமல் என்னிடம், "அந்தப் படத்துக்குப் போனியாமே. சனங்க சிரிச்சாங்களா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். வீட்டு மரியாதையைக் காப்பாற்றுவதாக எண்ணி, "ஒருத்தரும் சிரிக்கலப்பா. கேவலமான படம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இறைச்சியை வெட்டினார். சாகும்வரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மார்னியைக் கூப்பிட்டேன். வண்டியை நானே கறுப்புக் கோட்டுப் போட்டு ஓட்டி வருவதாகச் சொன்னேன்.

"எல்லாரும் சிரிப்பாங்களே மாமா, பரவாயில்லையா?"

"எத்தன கார் வரும்?" என்று கேட்டேன்.

சனிக்கிழமைக்குள் வண்டியை மூன்று முறை கழுவிவிட்டேன். ஓட்டுநர் பக்க ஜன்னல் கண்ணாடி பல வருடங்களாகப் பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. வெளிச் சத்தம் நன்றாக உள்ளே கேட்க, கதவைப் பிரித்து, அது முழுவதும் கீழே இறங்கும்படி சரிசெய்தேன்.