பொத்தான் சேராதவர்கள்

மேலப்பூவரசூரில் மின்னஞ்சல்கள் நடந்துதான் போகும். எந்த வீட்டிலிருந்து புறப்படுகிறதோ அந்த வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பிவிடும். வசந்த விலாசத்துச் சட்டை வெளிர்பச்சை. அந்த நிறத் துணி எந்தக் கடையிலும் யாருக்கும் கிடைக்கும் என்பதுதான் வந்த வினை.

வசந்த விலாசத்துப் பெண் வடிவாம்பாளுக்கும் திண்டுக்கல் கதிரேசனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று, உப்புப் போட மறந்த பஜ்ஜியை அவன் முகம் சுளிக்காமல் தின்று, இன்னும் கொஞ்சம் வாங்கியும் தின்றான். அப்போதே வடிவுக்கு அவனைப் பிடித்துப்போனது. நிறையவே பிடித்துப்போனது. இப்படியிருக்க, யாரோ வெளிர்பச்சைச் சட்டை மாட்டி அனுப்பிய ஒரு மின்னஞ்சல் திண்டுக்கல் போய், "எங்கள் பெண்ணுக்கு இதில் இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனது.

கதிரேசன் வீட்டார் கௌரவமானவர்கள். எதிர்க்கேள்வி கேட்கவில்லை. "பரவாயில்லை, வெள்ளிக்கிழமை வேறு இடத்தில் தட்டு மாற்றிக்கொள்கிறோம்" என்று அவன் அம்மா ஆறுதலாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் வடிவுக்கு விஷயமே தெரிந்தது.

வடிவு உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் பொத்தான் கடைக்குப் போனாள்.

முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கென்று ஒரு பொத்தான் அச்சு செய்து பீரோவில் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பொத்தானுக்கான துளையை மட்டும் ஒரு துணித்துண்டில் தைத்துக் கொடுத்தால், எல்லா ஊர்ப் பேருந்து நிலையப் பலகையிலும் வீட்டுப் பெயரோடு மாட்டிவிடுவார்கள். துளையைப் பார்த்துப் பொத்தானைச் செய்ய எந்தக் கொம்பனாலும் முடியாது. மின்னஞ்சல் கிளம்பும்போது அதன் உடம்புக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துப் பொத்தானைப் பூட்டி அனுப்புவார்கள். போய்ச் சேரும் வீட்டு வாசல்காரர், பேருந்து நிலையத்தில் படியெடுத்து வந்த துளையில் பொத்தானைப் போட்டுப் பார்ப்பார், பிறகு சட்டையையும் பூட்டிப் பார்ப்பார். வழியில் ஒரு சொல்லோ ஒரு கவளமோ கூடியிருந்தால் சட்டை பூட்டாது.

பொத்தான் சேராமல் வருகிறவரை என்ன செய்வது என்பதையும் துளைக்குக் கீழே எழுத வேண்டும். இளகிய மனசுக்காரர்கள் "ஓரமாக உட்கார வைக்கவும்" என்று எழுதுவார்கள். வடிவு இருந்த கோபத்தில், "யாராக இருந்தாலும் எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பவும்" என்று எழுதினாள்.

"கொஞ்சம் பார்த்து எழுதும்மா," என்றார் அப்பா சபாபதி.

"பார்த்துத்தாம்ப்பா எழுதியிருக்கேன்."

அன்றே ஒரு மின்னஞ்சலுக்குச் சட்டை தைத்து, "அது நாங்கள் அனுப்பியதில்லை, எனக்கு இஷ்டம்தான்" என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினாள். கல்யாணப் பேச்சு தாய்மாமனைத் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினால் அவர் கல்யாணத்துக்கு வர மாட்டார். அதனால் மின்னஞ்சல் திருச்சியில் பொன்னம்பலம் மாமா வீட்டில் ஏறி இறங்கியது. வாசல் மிதித்தவரை மாமா வெறுமனே அனுப்பியதாகச் சரித்திரமே கிடையாது. வயிறு முட்டப் புளியோதரையும், "அவசியம் குடும்பத்தோடு வரவும்" என்று ஒரு வரியும் போட்டு அனுப்பினார். திண்டுக்கல் வாசலில் பொத்தான் தெறித்தது. வாசல்காரர் அதைப் பொறுக்கி மின்னஞ்சலின் பையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். அது வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கு ஒரு நாள்தான் பாக்கி. வடிவு இன்னொரு மின்னஞ்சலைத் தயார் செய்து, அதன் காதில் ஏதோ சொல்லி அனுப்பினாள்.

மாமா இலை போட்டார்.

"விரதம்," என்றது மின்னஞ்சல்.

"அப்படியா. ஒரு வாய் மோராவது குடிங்க."

"மோரும் ஆகாது."

"சரி, ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிடுங்க."

"மௌன விரதமும் சேர்த்துத்தான்."

விரதக்காரரைக் கெடுத்த பாவம் தனக்கு வேண்டாம் என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினார். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தபோது கதிரேசனின் அம்மா தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். பொத்தான் துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. சட்டையும் பூட்டியது. சொன்னதைக் கேட்டுக் கதிரேசன் அம்மா பக்கம் திரும்பினான்.

"தட்டை இறக்கி வைங்கம்மா," என்றான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வசந்த விலாசத்துச் சட்டை போட்டு, பொத்தான் பூட்டி, திண்டுக்கல்லுக்கு அனுப்பிவைத்தார்கள். வழியில் திருச்சியில் மாமா வீட்டு விருந்து. வடிவு விரதம் என்று சொல்லிவிட்டாள். கதிரேசனிடமும் சொல்லச் சொன்னாள். உப்பில்லாத பஜ்ஜியையே வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன், மாமா வீட்டு விருந்தை எப்படி மறுப்பான்?

திண்டுக்கல் வாசலில் வடிவின் பொத்தான் சேர்ந்தது. உள்ளே போனாள். கதிரேசனின் பொத்தான் தெறித்துப் போய்ச் செம்பருத்திச் செடியில் விழுந்தது.

"பலகையில யாராயிருந்தாலும்னு போட்டிருக்கு தம்பி," என்றார் அவனைத் தூக்கி வளர்த்த வாசல்காரர்.

கதிரேசன் பொத்தானைத் தேடி எடுத்துக்கொண்டு வசந்த விலாசத்துக்குத் திரும்பி நடந்தான். சபாபதி கூடத்தில் முதல் மின்னஞ்சலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்தார். இருவருக்கும் இப்போது கஞ்சி மட்டும்தான். காலையில் மின்னஞ்சலும் மாப்பிள்ளையும் மாறி மாறிச் சட்டையைப் பூட்டிப் பார்க்கிறார்கள். மின்னஞ்சலுக்குக் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது.

திண்டுக்கல்லிலிருந்து வடிவு தினமும் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறாள். அது விரதமிருந்தே வந்து, கதிரேசன் முன்னால் நின்று, "சாப்பிடாதீங்க" என்று மட்டும் சொல்லும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குக் கண் கலங்குகிறது. இவ்வளவு அன்பாக அவனிடம் யாரும் பேசியதில்லை.