முஹ்ஸினாவுக்கு எத்தனை புள்ளி?

1

"மூணு வருஷம் படிச்சிட்டு வந்து 'தெரியாது'ன்னு சொல்றதுக்கா ஒன்ன அனுப்பினேன்?"

"மனசப் பத்திப் படிக்கிறது சாஸ்திரம் பார்க்கிறதில்ல, வாப்பா!"

1979 தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, பதுளையில், மொஹிதீன் ஹாஜியாரின் புடவைக் கடையில் அவரும் மகள் முஹ்ஸினாவும் போட்ட சத்தம். இந்தக் கதை பிறந்தது அதில்தான். நான் பக்கத்துக் கடையில் நூல் வாங்கிக்கொண்டிருந்தேன். (நூல் வாங்க அவ்வளவு நேரமா என்று கேட்காதீர்கள்.)

2

"முஹ்ஸினா மென்மையான சுபாவம் உடைய..." என்று தொடங்கினேன். பொய், அடித்துவிட்டேன். "பேராதனையின் பனி..." வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டம் முடிய இன்னும் ஒரு வருஷம். பண்டாரவளை ஸரூக் வீட்டார் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். மகள் என்னதான் படித்தாள் என்று பார்க்க ஹாஜியார் ஒரு பரீட்சை வைத்தார்: கடைக்கு வரும் ஆள் எந்த நிறம் எடுக்கும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பேராதனை, சொல்லாவிட்டால் பண்டாரவளை.

3

அப்போது படியேறியவள் மடுல்சீமைத் தோட்டத்து இராக்கம்மா.

"நான் சொல்லவா? சிவப்பு. முப்பது வருஷமாப் பிசகினதே இல்ல."

"பிசகினதெல்லாம் மறந்திருக்கும், வாப்பா."

இராக்கம்மா சேலைகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். "மொதலாளி, அந்த நீலத்த எடுங்க."

கடைக் கணக்கப்பிள்ளை இருமினார். சிவப்பு ஹாஜியாரின் முகத்தில் வந்தது.

4

இந்த இடத்தில் மகள் சிரிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். சிரித்திருந்தால் மறுமாதமே பண்டாரவளையில் கலியாணம். கிழித்துப் போட்டேன். நடந்தது வேறு.

"யாருக்கு அக்கா இது?"

"சம்மந்தியம்மாவுக்குங்க."

"ஒங்களுக்குன்னா சிவப்புதானே எடுப்பீங்க?"

இராக்கம்மா முதலாளி முகத்தைப் பார்த்தாள். "ஆமாங்க, செவப்புதாங்க."

"நான் சொன்னேன்தானே!" என்று ஹாஜியார் மேசையில் தட்டினார். அந்தக் குஷியிலேயே மகளைப் பேராதனைக்கு அனுப்பவும் சம்மதித்தார்.

(விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்பது எந்தப் பாடத்தில் வருகிறதோ! பேராதனையில் படித்தாளா, இந்த வாப்பாவோடு இருந்தே படித்தாளா? எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. புள்ளியை நீங்களே போடுங்கள்.)

5

ஸரூக் தன் எதிர்வீட்டு றஷீதாவைக் கலியாணம் முடித்தார். முஹ்ஸினா பட்டம் பெற்று, கூடப் படித்த ஒருவரைக் கலியாணம் செய்து மாத்தளைக்குப் போய்விட்டாள். அந்த மாப்பிள்ளையைத் தானே தேடிப் பிடித்ததாக ஹாஜியார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.